வான்கோவின் இரவுக் கஃபே: மஞ்சள் ஓரம் பச்சையாகிவிடுகிறது, என்ன செய்வது?

மைத்துளி:
அக்ரிலிக்கில் ஓரளவு கை வந்துவிட்டது. இனி ஆயில் பழகலாம் என்று, வான்கோ 1888-இல் பிரான்ஸின் ஆர்ல் நகரத்தில் வரைந்த அந்த இரவுக் கஃபே வாசல் படத்தை (Café Terrace at Night) பார்த்து வரைகிறேன். மஞ்சள் பந்தலும் நீல வானமும் சந்திக்கிற ஓரத்தில்தான் சிக்கல். பிரஷை வைத்ததுமே பாசிப்பச்சை! காயவும் மாட்டேன் என்கிறது. அப்புறம், இருட்டில் நிற்கிற வீடுகளுக்குக் கறுப்பு எவ்வளவு கலக்கலாம்?

கரித்துண்டு:
கறுப்பில் கொஞ்சம் நீலம் கலந்து அடித்துவிடுங்கள், இரவுதானே. ஓரத்தை நாலு நாள் காயவிட்டுத் தொடுங்கள்.

போர்டுக்காரர்:
கறுப்பு ட்யூபை மூடி வையுங்கள். இந்தப் படத்தின் விசேஷமே அதுதான். கறுப்பே இல்லாத இரவு இது, நீலமும் ஊதாவும் பச்சையும்தான் என்று அந்த செப்டம்பரில் தங்கைக்கு எழுதிய கடிதத்தில் அவரே சொல்கிறார். வீடுகளுக்கு அல்ட்ராமரைன் நீலத்தில் அலிசரின் கிரிம்சன் என்கிற கருஞ்சிவப்பைத் துளி சேர்த்துப் பாருங்கள், போதுமான இருட்டு வந்துவிடும்.

அந்தப் பச்சைக்கு நீங்கள் மட்டும் பொறுப்பில்லை. வெளிச்சம் விழுந்த இடம் வெளிர்க் கந்தக நிறம், எலுமிச்சைப் பச்சை என்று அதே கடிதத்தில் இருக்கிறது. பாசிப்பச்சை ஆவதற்கு வேறு காரணம். பிரஷ்யன் ப்ளூ எடுத்திருந்தால் ஓரம் கட்டுங்கள், கடுகளவு பட்டாலே மஞ்சளை விழுங்கிவிடும். அல்ட்ராமரைன் சிவப்புப் பக்கம் சாய்கிற நீலம். மஞ்சளில் பட்டால் மங்கும், அவ்வளவு பளிச்சென்று பச்சையாகாது.

மஞ்சளை முதலில் ஓரம் வரை வைத்துவிடுங்கள். நீலத்தை அதை நோக்கிக் கொண்டுவந்து முன்னாலேயே நிறுத்துங்கள். நடுவில் நூலளவு கேன்வாஸ் தெரிந்தால் தெரியட்டும். கடைப் போர்டு எழுதிப் பிழைத்தவன் நான். மஞ்சளுக்கு ஒரு பிரஷ், நீலத்துக்கு ஒரு பிரஷ், மாற்றவே மாட்டேன். பிரஷின் உலோகப் பூணுக்குள் தங்கிய நீலம் எத்தனை டர்பன்டைன் விட்டாலும் முழுசாகப் போகாது.

இந்தப் படத்தில் எனக்கு வாத்தியார் கீழே இருக்கிற கல் பாவிய தெருதான். கல் என்றதும் சாம்பல் நிறத்தைக் கலக்கத் தோன்றும். அங்கே பாருங்கள், விளக்கொளி பட்டு ரோஜா கலந்த ஊதாவாகக் கிடக்கிறது. குட்டைத் தீற்றல்கள், ஒவ்வொன்றும் வைத்ததும் கை எடுத்தது. திருத்தப் போனால் சேறுதான். அந்தத் தெருவை மட்டும் தனியாக ஒரு துண்டு கேன்வாஸில் போட்டுப் பழகுங்கள்.

திரையில் பார்த்து நிறத்தை அச்சாகப் பொருத்த மெனக்கெட வேண்டாம். அவர் ராத்திரியிலேயே அந்தச் சதுக்கத்தில் வைத்து வரைந்தவர். இருட்டில் நீலத்தைப் பச்சை என்று எடுத்துவிட வாய்ப்பு உண்டு என்று அவரே எழுதியிருக்கிறார்!

மைத்துளி:
நன்றி அண்ணா, பிரஷ்யன் ப்ளூவேதான்! இன்னொன்று: 12×16 அங்குல கேன்வாஸில் தெரு ஒல்லியாக நீண்டுவிடுகிறது.

போர்டுக்காரர்:
அசல் 80.7 × 65.3 செ.மீ. 16×20 வாங்கினால் கிட்டத்தட்ட சரியாக உட்காரும். இருப்பதிலேயே வரைவதென்றால் மேலே ஒன்றேகால் அங்குலம் டேப் ஒட்டி மறைத்துவிட்டு, மிச்சத்தில் கட்டம் போடுங்கள். நட்சத்திரங்களை நீலம் காய்ந்த பிறகு வையுங்கள், ட்யூபிலிருந்து எடுத்த கெட்டிப் பெயின்டாகவே, எண்ணெய் சேர்க்காமல்.