மிரளுகிற குதிரையை அழுத்திக் கடத்துவதா, நிறுத்திப் பார்க்க விடுவதா?

காட்பாடி_சேணம்:
நாலு மாதத்துக்கு முன்னால் ஏழு வயதுக் குதிரை ஒன்று வாங்கினேன், கல்யாண ஊர்வலத்தில் நின்று பழகியது. பேண்டு சத்தத்துக்கு அசையாது, அது உண்மைதான். ஆனால் வேலியில் சிக்கின பிளாஸ்டிக் கவர் படபடத்தால் போதும், பக்கவாட்டில் ஒரே தாவல். போன ஞாயிறு பாலாற்று மணலில் விழுந்தேன், தோளில் அடி. சவாரி சொல்லிக்கொடுத்தவர், "நின்று பார்க்க விடாதே, காலால் அழுத்து, மீறினால் சாட்டை" என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை.

ஜட்காவீட்டுப்பிள்ளை:
அவர் சொன்னதுதான் சரி தம்பி. எங்கள் தாத்தா வேலூரில் ஜட்கா ஓட்டினவர், பக்கவாட்டில் தெரியாமல் மறைக்கிற கண்பட்டை கட்டி, வாரைக் கையை விட்டு நழுவ விடாமல் ஓட்டுவார். ஒவ்வொரு கவருக்கும் நிறுத்தினால் நாளைக்கு ஒவ்வொரு புளியமரத்துக்கும் நிற்கும். நெடுஞ்சாலையில் பின்னால் லாரிக்காரன் ஏர் ஹாரன் அடிக்கும்போது நிறுத்திக் காட்ட முடியுமா? 1806 ஜூலை 10 அன்று ஆற்காட்டிலிருந்து குதிரைப்படை வேலூர்க் கோட்டைக்குப் பாய்ந்து வந்ததே, அந்தக் குதிரைகள் வெடிச்சத்தத்தில் நின்று யோசித்தனவா?

பாலாற்றுமணல்:
அண்ணா, குதிரைப்படையை இழுத்ததால் சொல்கிறேன், அது உங்கள் பேச்சுக்கு எதிராகத்தான் போகும். படைக்குதிரையை முதல் நாளே வெடிக்கு நடுவில் நிறுத்த மாட்டார்கள். தீனி வைக்கிற நேரத்தில் தூரத்தில் சுடுவது, தின்பதை நிறுத்தவில்லை என்றால் அப்புறம் கொஞ்சம் கிட்டே வந்து சுடுவது, இதுதான் அந்தக் காலத்துப் பழக்கல்.

மிரட்சியைத் திமிர் என்று நினைப்பதில்தான் தப்பு தொடங்குகிறது. குதிரைக்குக் கண் தலையின் இரண்டு பக்கமும் இருப்பதால் கிட்டத்தட்ட சுற்றிலும் தெரியும், நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும்தான் தெரியாது. ஓரத்தில் ஏதோ அசைவது சட்டென்று படும், அது என்ன என்று புரிய தலையைத் தூக்கித் திருப்ப வேண்டும். நாம் வாரை இறுக்கிவிட்டால் அதற்கும் வழியில்லை. வெயிலிலிருந்து மரநிழலுக்குள் நுழைந்தால் அதன் கண் பழக நம்மைவிட நேரம் பிடிக்கும். அந்த நேரம் பார்த்து சாட்டை விழுந்தால், கவர் வந்தால் அடியும் வரும் என்றுதான் அது கற்றுக்கொள்ளும்.

காட்பாடி நண்பரே, கவரை ஒரு கழியில் கட்டி, நீங்கள் தரையில் நின்றுகொண்டு, தலைக்கயிற்றைத் தளர்த்திப் பிடித்துக் காட்டுங்கள். காதை நிமிர்த்திப் பார்க்க வேண்டும், ஓடத் தோன்றக்கூடாது, அந்தத் தூரம்தான் கணக்கு. தலை தாழ்ந்து மூச்சு விட்டதும் கவரை விலக்குங்கள். துள்ளும்போது விலக்கினீர்களோ, துள்ளினால் போய்விடும் என்று பாடம் ஆகிவிடும். இடப்பக்கம் பழகினதை வலப்பக்கமும் முதலிலிருந்து பழக்குங்கள், கோணம் மாறினாலே அதற்குப் புதுப்பொருள்தான்.

ராணிப்பேட்டை_லாயம்:
குதிரைக்கு என்ன கோளாறு என்று பார்க்காமலே பேசுகிறோம். கொள்ளு எவ்வளவு வைக்கிறீர்கள், ஒரு நாளில் எத்தனை மணி நேரம் கட்டியே கிடக்கிறது? நிறையத் தின்று நடக்காத குதிரை எதைப் பார்த்தாலும் குதிக்கும். என்னிடம் இருந்த பெட்டை எப்போதும் இடப்பக்கம் மட்டும் மிரளும், இரண்டு வருடம் பழக்கிப் பழக்கி ஓய்ந்த பிறகுதான் டாக்டரிடம் காட்டினேன், இடக்கண்ணில் புரை. அதுவரை அதை அதட்டினதை நினைத்தால் இன்றைக்கும் வருத்தமாக இருக்கிறது.

ஜட்காவீட்டுப்பிள்ளை:
கண் விஷயம் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்று, மேலே உட்கார்ந்திருப்பவன் நடுங்கினால் குதிரைக்கு அதுதான் முதலில் தெரியும். நின்று நின்று போகச் சொன்னால் அந்த நடுக்கம் கூடத்தான் செய்யும்.

பாலாற்றுமணல்:
அதை நானும் மறுக்கவில்லை. ஸ்வீடனில் ஒரு ஆய்வு, 2009இல் வந்தது. குதிரையை நடத்திப் போகிறவர்களிடமும் ஏறிச் சவாரி போகிறவர்களிடமும் இந்த முறை குடை விரியப்போகிறது என்று சொல்லி வைத்தார்கள், குடையை விரிக்கவே இல்லை. ஆளுக்கும் நெஞ்சுத்துடிப்பு ஏறிற்று, குதிரைக்கும் ஏறிற்று. அதனால்தான் தரையில் நின்று தொடங்கச் சொல்கிறேன், ஆளுக்கும் பயம் தெளியும்.

காட்பாடி_சேணம்:
யோசித்துப் பார்த்தால் நான் விழுந்ததும் அதற்கு முன் இரண்டு முறையும் குதிரை வலப்பக்கம்தான் தாவியது, அதாவது மிரண்டது இடப்பக்கத்துப் பொருளுக்கு. நாளைக்கே டாக்டரை வரச் சொல்கிறேன். கொள்ளும் கொஞ்சம் அதிகம்தான், குறைக்கிறேன். மயானக் கொள்ளைக்கு ஆற்றங்கரையில் பம்பையும் கூட்டமுமாக இருக்கும், அது முடிகிற வரை அந்தப் பக்கம் கூட்டிப்போகவில்லை.

ஜட்காவீட்டுப்பிள்ளை:
கூட்டிப்போகாதே. ரோட்டில் நிற்க விடக்கூடாது என்பதில் நான் மாறவில்லை. ஆனால் முதல் ஒரு மாதம் தனியாக ரோட்டுக்கு ஏற்றாதே தம்பி, எதற்கும் அசையாத கிழக்குதிரை ஒன்றை முன்னால் நடக்க விட்டு உன்னுடையதைப் பின்னால் விடு. தாத்தா புதுக்குதிரையை அப்படித்தான் பழக்கினார்.