மகளின் பண்ணை முகாம் பயணத்துக்கு விசா உதவி தேவை

வணக்கம். நாங்கள் வெள்ளவத்தை. ஏ/எல் முடித்த என் மகளை, அமெரிக்காவில் ஒரு கிறிஸ்தவ இளையோர் பண்ணை முகாம் கோடைகாலத் தொண்டுக்கு எடுத்திருக்கிறது. விடிய எழும்பிக் குதிரைகளுக்குத் தீனி வைத்து லாயம் கூட்ட வேண்டும், பிறகு பிள்ளைகளோடு ஜெபம், பாட்டு. சம்பளம் இல்லை, சாப்பாடும் தங்குமிடமும் உண்டு. அவள் குதிரையைக் கிட்டப் பார்த்தது நுவரெலியா கிரெகரி வாவிக் கரையில்தான். அன்றைக்கு அதன் கழுத்தில் வைத்த கையை எடுக்கவே மனமில்லாமல் நின்றாள்.

விசாவில்தான் குழப்பம். முகாம் பணியாளருக்கான ஜே-1 (பரிமாற்றத் திட்ட விசா) என்றால் 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், அனுசரணை அமைப்பு தரும் டிஎஸ்-2019 தகுதிப் படிவமும் வேண்டும். சம்பளமில்லாத சமயத் தொண்டுக்கு பி-1 (தற்காலிக வருகை விசா) போதும் என்கிறார் எங்கள் போதகர். கொழும்பில் இதற்காக நேர்முகத்துக்குப் போனவர்கள் யாராவது இருந்தால், எந்த விசா, என்ன கடிதங்கள் கொண்டுபோனீர்கள் என்று சொல்லுங்கள். அப்புறம், குதிரை ஏறத் தோதான, கணுக்கால் மூடுகிற சப்பாத்து புறக்கோட்டையில் எங்கே கிடைக்கும்?