பிரிட்ஜ் இல்லாத லயத்தில் இன்சுலின்: எப்படிச் சமாளிப்பது?

தலவாக்கலை வாசகர் எழுதியது:

அம்மாவுக்கு 54 வயது, தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர். தோட்டத்து லயத்தில், அதாவது வரிசை வீட்டில் இருக்கிறோம். சீனி வருத்தத்துக்கு (நீரிழிவுக்கு) குளிசை போதாதென்று கிளினிக்கில் மிக்ஸ்டார்ட் 30 இன்சுலின் கொடுத்திருக்கிறார்கள். காலை 24 யூனிட், இரவு 14. பிரஷருக்கு லோசார்டன். ஊசி போடக் காட்டிக் கொடுத்தார்கள், மற்றதையெல்லாம் கேட்க அந்தக் கூட்டத்தில் நேரமில்லை.

வீட்டில் பிரிட்ஜ் இல்லை. மலையில் பதினொரு மணி போல வேர்த்து, கை நடுங்குகிறது என்கிறார். கிளினிக் நாளில் விடிய 4.30க்கே ஊசி போட்டுவிட்டு பஸ் ஏறுகிறார், வரிசையில் தலை சுற்றுகிறது. மாத முடிவில் மருந்தும் தீர்ந்துவிடுகிறது. நாங்கள் எதைச் சரிசெய்ய வேண்டும்?

கிளினிக் தாதி:

தம்பி, முதலில் கிளினிக் நாளைப் பார்ப்போம், இவற்றில் ஆபத்தானது அதுதான். சாப்பிடாமல் ரத்தம் எடுக்கும் நாளில் ஊசியும் போடக் கூடாது. இன்சுலினையும் சிரிஞ்சையும் காலைச் சாப்பாட்டையும் பையில் எடுத்துப் போகட்டும். ரத்தம் கொடுத்த பிறகு ஊசி, அரை மணி கழித்துச் சாப்பாடு. சீனிக் குளிசை இருந்தால் அதுவும் அப்படித்தான். லோசார்டனை மட்டும் வழக்கமான நேரத்தில் தண்ணீரோடு விழுங்கலாம். பலர் பிரஷர் குளிசையையும் விட்டுவிட்டு வருவார்கள், அளந்தால் ஏறிக் கிடக்கும், டாக்டர் அளவைக் கூட்டிவிடுவார். சாப்பிட்டு 2 மணி கழித்துப் பார்க்கிற பரிசோதனை என்றால் ஊசி, சாப்பாடு எல்லாம் வழக்கம் போல. எந்தப் பரிசோதனை என்று முந்தின கிளினிக்கிலேயே கேட்டுக் கொப்பியில் எழுதி வாங்குங்கள்.

பதினொரு மணி நடுக்கம், சீனி இறங்குவது. மிக்ஸ்டார்டில் 30 பங்கு வேகமாக வேலை செய்யும், 70 பங்கு மெதுவாக. காலையில் போட்டது முற்பகலில்தான் உச்சத்தில் நிற்கும். அந்த நேரத்தில் கூடையோடு மேடு ஏறுகிறார், பத்து மணிக்குக் குடித்ததோ வெறும் தேத்தண்ணி. சீனி வருத்தம் என்பதால் சீனி போடாமல். வேறென்ன நடக்கும்? அந்தப் பத்து மணிக்கு அரை ரொட்டியோ நாலு கிரெக்கர் பிஸ்கட்டோ சாப்பிட வேண்டும்.

நடுக்கம் தொடங்கினால் அப்படியே சரிவில் உட்காரட்டும், லயத்துக்கு நடக்கக் கூடாது. 3 தேக்கரண்டி சீனியை அரைக் கோப்பைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிஷம் பொறுத்து, குறையாவிட்டால் இன்னொரு முறை. தெளிந்ததும் ஏதாவது சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி இறங்கும். சீனியை அளந்து பொலித்தீனில் முடிந்து இடுப்பிலேயே வைத்திருக்கட்டும், கூடையில் வேண்டாம். பக்கத்து நிரையில் நிற்கிற ஒருவருக்காவது விஷயம் தெரிந்திருக்க வேண்டும். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போகும். பக்கவாட்டில் சாய்த்துப் படுக்க வைத்து 1990க்கு அடியுங்கள். அம்புலன்ஸ் இலவசம், ஆனால் லயம் வரை ஏறாமல் போகலாம். தோட்டத்து டிவிசன் பெயரையும் பக்கத்தில் உள்ள கோயில் அல்லது பள்ளிக்கூடத்தையும் சொல்லி, மெயின் ரோட்டில் ஒருவரை நிறுத்துங்கள்.

இது வாரத்தில் இரண்டு தடவை வந்தால் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். அதைக் கிளினிக்கில் முடிவு செய்யட்டும். நீங்களாக ஒரு வேளை ஊசியை நிறுத்த வேண்டாம்.

பார்மசிக்காரர்:

மருந்து ஏன் தீர்கிறது என்பது வெறும் கணக்கு. 10 மில்லி குப்பியில் 1000 யூனிட். அம்மாவுக்கு ஒரு நாளைக்கு 38. வகுத்துப் பாருங்கள், 26 நாள். சிரிஞ்சில் காற்றுக் குமிழி தட்டும்போது சிந்துவது வேறு. 30 நாளுக்கு ஒரு குப்பி எப்படிப் போதும்? கடைசி நாட்களில் அளவைக் குறைத்து இழுத்தடிப்பார்கள், சரியாக அந்த நாட்களில்தான் கிளினிக்கும் வரும், சீனி கூடியிருக்கும், "சாப்பாட்டில் கட்டுப்பாடு இல்லை" என்று ஏச்சும் விழும். இந்தக் கணக்கைக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டி இரண்டாவது குப்பி கேளுங்கள்.

திறக்காத குப்பி 2 முதல் 8 பாகை வரையான குளிரில் இருக்க வேண்டும். தோட்ட டிஸ்பென்சரி பிரிட்ஜில் பெயர் எழுதி வைக்கச் சொல்லிக் கேளுங்கள். அடுத்த வீட்டுப் பிரிட்ஜ் என்றால் கதவுத் தட்டில் மட்டும் வையுங்கள். ஐஸ் பெட்டிக்குக் கிட்ட வைத்து ஒரு தடவை உறைந்தால் அதோடு சரி, உருகினாலும் வீண். திறந்த குப்பிக்குப் பிரிட்ஜே தேவையில்லை. பொதுவாக 4 வாரம் வெளியில் வைக்கலாம், 25 பாகைக்குக் கீழே இருந்தால் நல்லது. நம் மலைக் குளிருக்கு அது பெரிய பாடில்லை. அடுப்பங்கரை, தகரக் கூரைக்கு அடியில் உள்ள பலகை, வெயில் படும் ஜன்னல், இந்த மூன்றும்தான் ஆகாது. மார்ச், ஏப்ரலில் குப்பியைப் பொலித்தீனில் கட்டி, சிறு சட்டியில் வைத்து, அந்தச் சட்டியை ஈரமணல் போட்ட பெரிய சட்டிக்குள் இறக்குங்கள். திறந்த தேதியைக் குப்பியில் ஒட்டுங்கள்.

போடுமுன் உள்ளங்கைகளுக்கிடையே பத்துத் தடவை உருட்டினால் ஒரே சீராகப் பால் நிறமாக வர வேண்டும். குலுக்கினால் நுரைக்கும், அளவு பிசகும். கட்டி கட்டியாகவோ கண்ணாடியில் ஒட்டிக்கொண்டோ இருந்தால் அந்தக் குப்பி வேண்டாம்.

இன்னொன்றை எல்லாரும் பார்க்க வேண்டும். குப்பியில் 100 (ஒரு மில்லியில் 100 யூனிட்) என்றால் சிரிஞ்சிலும் 100 என்று இருக்க வேண்டும். கடையில் 40 சிரிஞ்சை மாற்றிக் கொடுத்து, அதில் 24 கோடு வரை இழுத்தால் உடம்புக்குள் போவது 60 யூனிட். உயிரே போகலாம்.

தலவாக்கலை வாசகர்:

நன்றி அண்ணே, அக்கா. சிரிஞ்சைப் பார்த்தேன், 100தான். தொப்புளுக்குப் பக்கத்தில் ஒரே இடத்தில் போட்டு அங்கே கட்டி போல இருக்கிறது. வலிக்காது என்பதால் அங்கேயே போடுகிறார். காலும் மரத்துப்போகிறது என்கிறார்.

கிளினிக் தாதி:

அந்தக் கட்டிக்குள் போடும் மருந்து ஒரு நாள் ஊறும், ஒரு நாள் ஊறாது. அதை விட்டுவிட்டு, தொப்புளிலிருந்து இரண்டு விரல் தள்ளி, ஒவ்வொரு தடவையும் ஒரு விரல் இடம் மாற்றிப் போடட்டும். தொடையிலும் போடலாம். நல்ல இடத்துக்கு மாறும்போது அதே அளவு திடீரென்று கூட வேலை செய்யும், அதனால் முதல் வாரம் சீனி முடிச்சு கட்டாயம். கட்டியைக் கிளினிக்கில் காட்டுங்கள், ஊசி அளவை அவர்கள் குறைக்கலாம்.

கால் மரத்தவர் அடுப்பில் கால் காயக் கூடாது. இந்தக் குளிருக்கு எல்லாரும் செய்வதுதான், ஆனால் அவருக்குச் சூடு தெரியாது, தோல் வெந்து கொப்புளம் போட்ட பிறகுதான் பார்ப்பார். கம்பளிக் காலுறை போடட்டும். கால் கழுவும் சுடுதண்ணியை வேறொருவர் முழங்கையால் பார்க்க வேண்டும். இரவில் உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் நீங்கள் டோர்ச் அடித்துப் பாருங்கள். தேங்காயெண்ணெய் குதிகாலுக்கு மட்டும், விரலிடுக்கு காய்ந்திருக்க வேண்டும். அட்டை கடித்த இடத்தில் சுண்ணாம்பு வைக்காதீர்கள், புண்ணாகும். சவர்க்காரம் போட்டுக் கழுவி, சுத்தமான துணியால் 15 நிமிஷம் அழுத்திப் பிடியுங்கள். அட்டையின் எச்சில் ரத்தத்தை உறையவிடாது, அதனால் கசியும், பயப்பட வேண்டாம். சிவந்து வீங்கினாலோ நீர் வடிந்தாலோ அன்றே காட்ட வேண்டும்.

கொட்டகலை வாசகர்:

எல்லாம் சரி. ஆனால் நோயாளி இதையெல்லாம் செய்ய வேண்டும் என்று சொல்லும்போது, கிளினிக் போனால் அன்றைய பேர் (நாள் சம்பளம்) இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பத்து மணிக்குச் சாப்பிட உட்கார்ந்தால் கொழுந்து நிறை குறைகிறது என்று கேட்பார்கள். அம்மாவுக்கு இன்சுலின் போடுகிறார்கள், இடையில் சாப்பிட வேண்டும் என்று டாக்டரிடம் ஒரு துண்டு எழுதி வாங்கி, வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளையிடம் கொடுத்து வையுங்கள்.

பார்மசிக்காரர்:

அது நியாயம். கூடவே ஒன்று: முதுகு வலி, முழங்கால் வலிக்குக் கடையில் உதிரியாக வாங்கும் டைக்குளோபெனாக் வேண்டாம். லோசார்டன் எடுப்பவருக்கு அது பிரஷரையும் ஏற்றும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். பரசிட்டமோல் 500 மில்லிகிராம் குளிசை, ஒரு வேளைக்கு இரண்டு, நாளுக்கு எட்டுக்கு மேல் கூடாது. பாவித்த ஊசிகளைக் கானில் போடாமல், மூடி இறுகும் தடித்த பிளாஸ்டிக் போத்தலில் சேர்த்து டிஸ்பென்சரியில் கொடுங்கள்.