1862 விக்டோரியா ரூபாய்: தேய்த்து வெளுத்ததா, இயல்பான வெண்மையா?

கேள்வி – பெட்டகம்

பாட்டியின் சுருக்குப்பையிலிருந்து 1862 ஆண்டிட்ட விக்டோரியா ஒரு ரூபாய் கிடைத்தது. அரசியின் கூந்தல் நன்றாகத் தேய்ந்திருக்கிறது. காசோ பளீரென்று வெளுத்திருக்கிறது. காசு வியாபாரி ஒருவர் ஒரே பார்வையில் "பாலிஷ் போட்டது" என்று சொல்லி விலையைப் பாதியாகக் குறைத்தார். நகைக்கடைத் தராசில் எடை 11.4 கிராம். அவர் சொன்னது சரிதானா என்று நானே எப்படிப் பார்ப்பது?

பதில் – வெள்ளிக்காசு மதுரை

உங்கள் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. கூந்தல் தேயுமளவு கைமாறிய காசு, எழுத்துகளின் இடுக்கு வரை வெளுத்திருக்க வழியில்லை. புழங்கிய வெள்ளியில் மேடான இடம் வெளுக்கும். பள்ளத்தில், எழுத்தின் அடியில் கருமை தங்கும். தேய்மானமும் நிறமும் ஒத்துப்போகாவிட்டால் யாரோ கைவைத்திருக்கிறார்கள்.

இனி வெளிச்சம். டியூப் லைட்டை அணைத்துவிட்டு ஒற்றை பல்பின் கீழ் காசின் விளிம்பைப் பிடித்து மெல்லச் சாய்த்துப் பாருங்கள். பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ் போதும். விபூதி, சாம்பல், பாத்திரம் துலக்கும் பொடி எதைப் போட்டுத் தேய்த்தாலும் தலைமுடி போன்ற மெல்லிய கீறல்கள் ஒரே திசையில் ஓடும். அவை வெறும் பரப்பில் தொடங்கி அரசியின் கன்னத்திலும் ஏறித் தொடர்ந்து ஓடினால் சந்தேகமே வேண்டாம். பையில் குலுங்கிய காசில் கீறல்கள் கண்டபடி கிடக்கும், அதுவும் மேட்டில்தான் அதிகம்.

கீறலே இல்லாமல் சுண்ணாம்புபோல வெளிறியிருந்தால், வெள்ளிச் சாமான்களுக்கான திரவத்தில் முக்கியெடுத்திருப்பார்கள். அது கருமையோடு மேற்பரப்பின் மெல்லிய படலத்தையும் தின்றுவிடும்.

ஆனால் வியாபாரி சொல்லாத ஒன்றைத்தான் நீங்கள் முதலில் தேட வேண்டும். இந்த ரூபாய்கள் ஏராளமாகக் கழுத்தில் ஏறியவை. அரசியின் தலைக்கு நேர் மேலே உள்ள விளிம்பைப் பாருங்கள். அங்கே விளிம்பு வரிகள் அரத்தால் ராவியதுபோல மழுங்கி, லேசான மஞ்சள் பூசியிருந்தால் அது பற்றாசு. வளையம் பற்றவைத்து எடுத்த தடம். என் கணக்கில் அது பாலிஷை விடப் பெரிய சேதம்.

எடையைப் பற்றிக் கவலை வேண்டாம். அச்சடித்தபோது ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். இவ்வளவு தேய்ந்த காசு 11.4 கிராம் நிற்பது இயல்புதான்.

பதில் – நாணயத் தேடல்

ஆண்டு எண்ணுக்குக் கீழே புள்ளிகள் இருக்கின்றனவா? 1862 என்ற ஆண்டை மாற்றாமலேயே 1874 வரை அச்சடித்தார்கள். பம்பாய் அச்சுச்சாலை புள்ளிகளின் எண்ணிக்கையால் ஆண்டை வேறுபடுத்தியது. சில புள்ளி வகைகளுக்கு நல்ல விலை உண்டு. அழுத்தித் தேய்த்த காசில் புள்ளி மங்கிவிடும். இல்லாத புள்ளியைச் சேர்ப்பவர்களும் இருக்கலாம் என்பதால், புள்ளியைச் சுற்றிச் சுரண்டிய தடம் உண்டா என்று பாருங்கள். இதே வேலையை 1938 ரூபாயிலும் செய்கிறார்கள்: 8-இன் கீழ்வளையத்தை வெட்டி 9 ஆக்கினால் அரிய 1939 ஆகிவிடும்.

கேள்வியாளர் – பெட்டகம்

லென்ஸ் வாங்கிப் பார்த்தேன். கன்னத்தின் குறுக்கே கீறல்கள் ஒரே சாய்வில் ஓடுகின்றன. தலைக்கு மேலே விளிம்பு வரிகள் முழுசாக இருக்கின்றன, மஞ்சள் இல்லை. ஆண்டுக்குக் கீழே புள்ளி எதுவும் தெரியவில்லை. கந்தகப் புகை காட்டினால் பழைய நிறம் திரும்பும் என்று ஒருவர் சொல்கிறார். செய்யலாமா?

பதில் – வெள்ளிக்காசு மதுரை

தயவுசெய்து வேண்டாம். புகையேற்றிய நிறம் மேடு பள்ளம் பாராமல் எல்லா இடத்திலும் ஒரேயடியாகப் படியும். அனுபவசாலி உடனே கண்டுபிடித்துவிடுவார். ஏற்கெனவே தேய்த்த காசை நிறமும் மாற்றிய காசாக்கிவிடாதீர்கள்.

வியாபாரி சொன்னது உண்மைதான், காசு தேய்க்கப்பட்டது. ஆனால் வளையம் ஏறாத, விளிம்பு கெடாத காசு. விற்பதானால் "தேய்த்தது, பற்றவைக்காதது" என்று வெளிப்படையாகச் சொல்லி வேறு இரண்டு பேரிடமும் விலை கேளுங்கள். வைத்துக்கொள்வதானால் பிவிசி உறை வேண்டாம். அது பச்சைப் பிசுக்கை உண்டாக்கும். மைலார் (பாலியஸ்டர் பிளாஸ்டிக்) உறையில் ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். நிறம் தானாகவே மெல்லப் படியும்.