செவ்வாய்பேட்டை குடும்பம்: மாத்திரையை நிறுத்தலாமா?

முருகேசன் மாமா: எல்லாருக்கும் காலை வணக்கம் 🙏 டிபிக்கு மாத்திரை போட ஆரம்பிச்சு ரெண்டு மாசம் முடிஞ்சது. சளி டெஸ்ட்ல கிருமி இல்லன்னு வந்திருச்சு, இருமலும் நின்னுருச்சு. இனி மாத்திரை வேணாம்னு பாக்குறேன்.

செல்வி அத்தை: நித்யா, நீயே சொல்லு. நான் சொன்னா காதுல ஏறல.

நித்யா: மாமா, விட்டுறாதீங்க! லேப்ல நாங்க ஸ்லைடு பாக்குறப்ப நீலத்துக்கு நடுவுல மெல்லிசா செவப்புக் கோடு தெரிஞ்சாதான் கிருமி. அப்படித் தெரியவே ஒரு மில்லி சளியில 5,000லருந்து 10,000 கிருமி வேணும். அதுக்குக் கம்மியா இருந்தா கண்ணுல படாது.

முருகேசன் மாமா: மிச்சம் மீதிய உடம்போட எதிர்ப்பு சக்தி பாத்துக்காதா சாமி?

நித்யா: அந்த எதிர்ப்பு சக்திக்குள்ளயேதான் அது குடியிருக்குது மாமா. நுரையீரல்ல மேக்ரோபேஜ்னு ஒரு செல். வர்ற கிருமிய முழுங்கி ஒரு பைக்குள்ள வெக்கும். லைசோசோம்னு இன்னொரு பை வந்து அதோட ஒட்டி அமிலத்தையும் நொதியையும் கொட்டும். பட்டறையில கொலுச அமிலத்துல போட்டா அழுக்கு கரையுதுல்ல, அப்படித்தான் மத்த கிருமியெல்லாம் கரையும்.

நித்யா: டிபி கிருமி அந்த ரெண்டு பையையும் சேர விடாது. அதோட தோல்ல இருக்கற கொழுப்பும், அது வெளிய விடுற சில புரதமும் சேர்ந்து தடுத்துரும். அமிலத்த உள்ள இறைக்கிற பம்பையும் அண்ட விடாது. கொல்ல வந்த செல்லுக்குள்ளயே உக்காந்து பெருகும்.

சதீஷ்: வேகமா பெருகுமா?

நித்யா: இல்ல, ரொம்ப மெதுவு. குடல்ல இருக்கற ஈ.கோலிங்கிற கிருமி 20 நிமிசத்துல ரெண்டாகும், இதுக்கு 20 மணி நேரம் கிட்ட ஆகும். சிலது பெருகாமலே தூங்கிக் கெடக்கும். பெருகுறத அடிக்கிற மருந்து அதத் தொடாது. மாமா போடுற மருந்துல ரிஃபாம்பிசின்னு ஒண்ணு இருக்கே, அதுதான் அதையும் தேடிக் கொல்லும், அதுக்குத்தான் 6 மாசம்.

செல்வி அத்தை: ஒன்னுக்கு ஆரஞ்சா போகுதுன்னு பயந்தாரே, அதா?

நித்யா: அதேதான் அத்தை. பாதியில நிறுத்தினா மிச்சமிருக்கறது திரும்பக் கெளம்பும், மருந்துக்கு அடங்காததாவும் மாறலாம். மாமாவுக்குச் சக்கரை வேற, அது ஏறினா அந்த செல்லுங்களும் பலம் கொறஞ்சுரும். எனக்கு அதான் பயம்.

முருகேசன் மாமா: சரி சாமி, இப்பவே போட்டுக்கிறேன். அடுத்த நாலு மாசமும் இதே மாத்திரையா?

நித்யா: இப்ப போடுற நாலு மருந்துல பைரசினமைடுங்கிறது மட்டும் நின்னுரும், மத்த மூணும் தொடரும். ஆஸ்பத்திரிக்குப் போறப்ப சக்கரை மாத்திரை சீட்டையும் காட்டுங்க. ரிஃபாம்பிசின் சில சக்கரை மருந்தோட வேலையக் கொறைக்கும், டாக்டர் அளவ மாத்துவாங்க.

சதீஷ்: மாமா, ஒம்பது மணிக்கு வண்டி எடுத்துட்டு வர்றேன். சாப்பிட்டு ரெடியா இருங்க.