ஸ்லீவ் ஆபரேஷனுக்கு அப்புறம் எடை ஏறினா, தப்பு மனசு மேலயா உடம்பு மேலயா?

விஜி_வில்லிவாக்கம்
எங்க அக்காவுக்கு ஸ்லீவ் பண்ணி, அதாவது எடை குறைய வயித்துல பெரும்பகுதியை வெட்டி எடுக்கற ஆபரேஷன் பண்ணி, மூணு வருஷம் ஆகப்போகுது. 118 கிலோ இருந்தவ 79 வரைக்கும் இறங்கினா. இப்ப 91. சுகர் மாத்திரையை நிறுத்தினது நிறுத்தினபடியே இருக்கு, அது ஒண்ணுதான் ஆறுதல். போன செக்கப்ல சர்ஜன், "சைக்காலஜிஸ்ட்டைப் பார்த்துட்டு வாங்க"ன்னு சீட்டு எழுதிக் கொடுத்துட்டார். "வயித்தை வெட்டினவரே இப்ப எனக்குப் பைத்தியம்ங்கறார்"னு ஒரே அழுகை. அவ மாமியார் ஒரு பக்கம், "இவ்வளவு காசைக் கொட்டியும் வாயைக் கட்டத் தெரியலையே"ங்கறாங்க. எடை ஏற நிஜமாவே மனசு காரணமா? இல்ல டாக்டருங்க கை கழுவுறதுக்கு இது ஒரு வழியா?

நடை_நாகேஸ்வரன்
மயிலாப்பூர்வாசி, தினமும் நாகேஸ்வர ராவ் பார்க்கில் நடப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். வயிற்றில் முக்கால்வாசியை எடுத்தாயிற்று. அப்புறமும் ஏறுகிறது என்றால் சாப்பிடுவதால்தானே ஏறும்? காற்றைக் குடித்தா ஏறும்? எங்கள் குரூப்பில் ஒருவர் நாலு சுற்று நடந்துவிட்டு நேரே பொங்கல் வடைக்குப் போவார். கட்டுப்பாடு இல்லாதவருக்குக் கத்தி வைத்தும் பிரயோஜனமில்லை. மாமியார் சொன்னதில் என்ன தப்பு?

ராஜ்_தரமணி
நாகேஸ்வரன் சார், நான் கத்தி வெச்சுக்கிட்டவன். பைபாஸ். இதயத்துல இல்ல, எடை குறைய வயித்தைச் சின்னதாக்கி குடலோட இணைக்கறது. அதனால பேசறேன்.

ஸ்லீவ்ல வெட்டி எடுக்கற பக்கத்துலதான் கிரெலின்ங்கற பசி ஹார்மோன் அதிகமா சுரக்குது. முதல் வருஷம் பசியே தெரியாம இருக்கறதுக்கு அது ஒரு முக்கியக் காரணம், யாரோட மனோதிடமும் இல்ல. எடை குறையக் குறைய உடம்பு செலவழிக்கற கலோரியும் குறைஞ்சுக்கிட்டே வரும். ஒரு கட்டத்துல உடம்பே பிரேக் போடும். ஸ்வீடன்ல 1987ல ஆரம்பிச்சு ஆயிரக்கணக்கான பேரை வருஷக்கணக்கா தொடர்ந்து பார்த்தாங்க. முதல் ஒண்ணு ரெண்டு வருஷத்துல எடை நல்லா இறங்குது, அப்புறம் கொஞ்சம் ஏறுது, பிறகு நிக்குது. 10ஆவது வருஷத்துல பைபாஸ் பண்ணவங்க சராசரியா 25 சதவீதம் குறைஞ்ச நிலையில இருந்தாங்க. அத்தனை ஸ்வீடன்காரனுக்குமா வாயைக் கட்டத் தெரியாது?

விஜி, கணக்கு போட்டுப் பாருங்க. 118ல இப்ப 27 கிலோ கம்மி. கிட்டத்தட்ட 23 சதவீதம். இதைத் தோல்வின்னு சொல்றவங்க வாயைத்தான் முதல்ல கட்டணும்.

இன்னொண்ணு. 2025 மார்ச்ல மவுன்ஜாரோங்கற எடை குறைக்கற ஊசி நம்ம ஊருக்கு வந்துச்சு. போட்டவங்க பல பேர் "சாப்பாட்டு நினைப்பே அடங்கிடுச்சு"ங்கறாங்க. ஊசி போட்டா அடங்கறதுக்குப் பேரு ஒழுக்கக்கேடா?

அகிலா_டயட்
நான் நகரத்துல ஒரு ஆஸ்பத்திரியில டயட்டீஷியன். ராஜ் அண்ணே, ஹார்மோன் பத்தி நீங்க சொன்னதுல எனக்குச் சண்டையே இல்ல. ஆனா சராசரியைக் காட்டி ஒரு ஆளோட கதையை மூடிடாதீங்க. ஒரே சர்ஜன், ஒரே ஆபரேஷன். ஒருத்தர் சர்ருனு இறங்கி அங்கயே நிக்கறார், இன்னொருத்தர் பாதியிலயே திரும்பிடறார். அந்த வித்தியாசத்துக்கு என்ன பதில்?

என் டேபிள்ல நடக்கறதைச் சொல்றேன். சாப்பாட்டு நோட்டை நீட்டுவாங்க. காலைல ஒன்றரை இட்லி, மதியம் ஒரு கரண்டி சாதம், கொஞ்சம் கூட்டு, ராத்திரி கஞ்சி. "அவ்வளவுதாங்க மேடம்." கூட வந்த பொண்ணு தரையைப் பார்த்துச் சிரிக்கும். கேட்டா, டிவி ஸ்டாண்டு பக்கத்துல ஒரு மிக்சர் டப்பா. போறப்ப வர்றப்ப ஒரு பிடி. அது சாப்பாடுன்னே அவங்க மனசுல பதியாது, அதனால நோட்டுலயும் வராது. சிக்கன் துண்டு நெஞ்சுல நிக்கும், வேகவெச்ச முட்டை நிக்கும். டீயில நனைச்ச பிஸ்கட், ஐஸ்கிரீம், மென்னு கூழாக்கின மிக்சர் எதுவும் நிக்காது, வழுக்கிக்கிட்டு உள்ளே போயிடும். சின்ன வயிறு ஒரே நேரத்துல நிறைய சாப்பிடறதைத்தான் தடுக்கும். நாள் பூரா மேயறதைத் தடுக்காது. ஆபரேஷனுக்கு முன்னாடி ஒரே மூச்சுல அள்ளிப் போட்டுக்கிட்டவங்கள்ல சில பேர் அப்புறம் இப்படி மேய ஆரம்பிக்கறாங்க.

2010ல அமெரிக்காவில வந்த ஒரு ஆய்வு இதைத்தான் பார்த்துச்சு. "நிறுத்த முடியலை, கை தானா போகுது"ங்கற உணர்வோட சாப்பிடறது ஆபரேஷனுக்கு முன்னாடி இருந்தவங்களுக்கு எடை குறையறதுல பெருசா வித்தியாசம் இல்ல. ஆபரேஷனுக்கு அப்புறம் இருந்தவங்களுக்கு ஒரு வருஷத்துலயும் ரெண்டு வருஷத்துலயும் இறங்கினது கம்மி.

நடை_நாகேஸ்வரன்
அதைத்தானே அம்மா நானும் சொன்னேன்! மிக்சர் டப்பாவைப் பரணில் தூக்கிப் போடுங்கள். இதற்கு எதற்கு சைக்காலஜிஸ்ட்?

கோமதி_கொளத்தூர்
பரண்ல போட்டா ஸ்டூல் போட்டு எடுப்போம் சார். நானும் ஸ்லீவ் பண்ணவதான்.

ஒரு கல்யாணப் பந்தியில எங்க கூட உக்காந்து பாருங்க. நாலு வாய் சாப்பிட்டு இலையை மூடினா, "ஏம்மா, சமையல் பிடிக்கலையா"ன்னு ஒரு பெரியம்மா. "சுகர் வந்துடுச்சா, முகம் இப்படி வாடிப்போச்சே"ன்னு இன்னொருத்தங்க. குண்டா இருந்தப்ப சொன்னதைவிட இளைச்சப்ப கேட்டதுதான் எனக்கு அதிகம். சேலைக்குள்ள தொங்கற தோலை யாரும் பார்க்கறதில்ல, நான்தான் தினம் குளிக்கறப்ப பார்க்கறேன். ரங்கநாதன் தெருவுல கடைக்குள்ள போனா இப்பவும் கால் தானா எக்ஸ்எக்ஸ்எல் பக்கம் போகுது.

இதைவிட முக்கியமா ஒண்ணு. எடை ரெண்டு கிலோ ஏறினதும் நான் செக்கப்புக்குப் போறதையே நிறுத்திட்டேன். மெஷின் மேல ஏற வெட்கம். வைட்டமின் பி12 ஊசியும் அதோட நின்னுச்சு. கால் மரத்துப் போனப்புறம்தான் திரும்பப் போனேன். அந்த வெட்கத்தை எந்த ஹார்மோன் கணக்குல எழுதுவீங்க ராஜ்?

ராஜ்_தரமணி
வெட்கம் எங்கிருந்து வருது கோமதி? நாகேஸ்வரன் சார் மாதிரி ஆளுங்க கொடுக்கறதுதான். நோயாளி மனசுல கோளாறுன்னு சொல்லச் சொல்ல அது கூடத்தான் செய்யும்.

சரி, ஆய்வுன்னே பேசுவோம். 2016ல ஜாமாங்கற அமெரிக்க மருத்துவ இதழ்ல, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு பெரிய தொகுப்பு வந்துச்சு. ஆபரேஷனுக்கு வர்றவங்கள்ல சுமார் 19 சதவீதம் பேருக்கு டிப்ரஷன், 17 சதவீதம் பேருக்கு அளவு மீறிச் சாப்பிடற கோளாறு. அதனால அவங்களுக்கு எடை கம்மியா குறைஞ்சுதான்னா, தெளிவான ஆதாரம் இல்லன்னுதான் முடிச்சாங்க. நார்வேயில ஆபரேஷனுக்கு முன்னாடி 10 வாரம், நினைப்பையும் பழக்கத்தையும் மாத்தப் பேசிப் பயிற்சி தர்ற மனநல சிகிச்சை கொடுத்தாங்க. நாலு வருஷம் கழிச்சுப் பார்த்தா, பயிற்சி எடுத்தவங்க எடைக்கும் எடுக்காதவங்க எடைக்கும் வித்தியாசம் இல்ல. 2019ல வந்த முடிவு. அப்ப இந்தச் சீட்டு எதுக்கு?

அகிலா_டயட்
அண்ணே, நீங்க காட்டின ரெண்டுமே ஆபரேஷனுக்கு முன்னாடி சமாச்சாரம். பந்தி ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே மோர் ஊத்தினா யார் குடிப்பா? என் சண்டையே அதுதான். நம்ம ஊர்ல மனசைப் பத்தின பேச்செல்லாம் ஆபரேஷனுக்கு முந்தின வாரம், ஒரு கையெழுத்து வாங்கறதுக்காக நடக்குது. முதல் வருஷம் எல்லாருக்கும் நல்லாத்தான் போகும். பசி இல்ல, வாராவாரம் முள் இறங்குது, ஊரே ஆச்சரியப்படுது. ரெண்டாவது வருஷம் பசி திரும்ப வரும், பாராட்டு நின்னு போகும். அப்பதான் ஆள் வேணும். அப்ப ஒருத்தரும் இருக்கறதில்ல.

குடியைப் பாருங்க. அமெரிக்காவில 2012ல வந்த ஆய்வுல, குடிப்பழக்கக் கோளாறு ஆபரேஷனுக்கு முந்தின வருஷம் 7.6 சதவீதம், முதல் வருஷம் 7.3, ரெண்டாவது வருஷம் 9.6. பைபாஸ் பண்ணவங்களுக்கு ஆபத்து கூடுதல்.

ராஜ்_தரமணி
அதுவும் குடல்தான்! பைபாஸுக்கு அப்புறம் சரக்கு சட்டுனு ரத்தத்துல ஏறும். முன்னாடி குவார்ட்டர் அடிச்சும் ஸ்டெடியா நின்ன ஆளு, இப்ப ரெண்டு மடக்குக்கே சாய்வான்.

அகிலா_டயட்
ஏத்தறது குடல் அண்ணே. கிளாஸை எடுக்கறது யாரு?

கனடாவில ஒண்டாரியோவில 8,815 பேரைத் தொடர்ந்து பார்த்தாங்க. தன்னைத்தானே காயப்படுத்திக்கிட்டு அவசரப் பிரிவுக்கு வர்றது ஆபரேஷனுக்கு அப்புறம் கூடியிருந்துச்சு, அதுலயும் ரெண்டாவது மூணாவது வருஷத்துல. மொத்தத்துல அப்படி வந்தவங்க கொஞ்சம் பேர்தான், யாரும் பயப்பட வேணாம். இதைப் படிக்கறவங்க யாருக்காவது அந்த மாதிரி நினைப்பு வந்தா 14416க்கு போன் போடுங்க. தமிழ்லயே பேசுவாங்க, காசு கிடையாது.

ராஜ்_தரமணி
ரெண்டாவது வருஷம் ஆள் வேணும்ங்கறதுக்கு நான் எதிரி இல்ல. சீட்டுல சைக்காலஜிஸ்ட்டை மட்டும் எழுதி அனுப்பறதுதான் எனக்குக் கோபம். ஸ்லீவ் விரிஞ்சிருக்கான்னு பார்த்தாங்களா? தைராய்டு பார்த்தாங்களா? ஸ்டீராய்டு, மனநல மாத்திரைகள்ல சிலது, எல்லாமே எடையை ஏத்தும். இதையெல்லாம் பார்க்காம மனசுன்னு சொன்னா அது கை கழுவுறதுதான்.

விஜி_வில்லிவாக்கம்
எல்லாத்தையும் அக்காவுக்குப் படிச்சுக் காட்டினேன். மேயறதுங்கற இடத்துல சிரிச்சுட்டா. "எனக்கு மிக்சர் இல்லடி, காராபூந்தி." அப்புறம் அவளாவே சொன்னா. மாமா நைட் ஷிப்ட் கிளம்பி, புள்ள தூங்கினப்புறம், பாத்திரம் கழுவி வெச்சுட்டு அடுப்படித் தரையிலயே உக்காந்துப்பாளாம். அந்த அரை மணி நேரம்தான் அவளுக்குன்னு இருக்கற நேரம். ஆபரேஷனுக்கு முன்னாடி அதே நேரத்துல அதே இடத்துல பரோட்டா பார்சல். எனக்கே இது இன்னைக்குத்தான் தெரியும்.

ராஜ் அண்ணா, தைராய்டு பார்த்தாங்க, நார்மல். ஸ்லீவை இதுவரைக்கும் பார்க்கலை.

ஆபரேஷனுக்கு முன்னாடியும் ஒரு சைக்காலஜிஸ்ட் பார்த்தார். கேள்வித்தாள் முழுக்க இங்கிலீஷ். அக்காவுக்குப் பாதி புரியலை, மாமாதான் உக்காந்து டிக் அடிச்சார்.

கோமதி_கொளத்தூர்
அடப்பாவமே. அப்ப மாமா நல்ல மனநிலையில இருக்கார்னு ரிசல்ட் வந்திருக்கும்.

நடை_நாகேஸ்வரன்
அந்த அரை மணி நேரத்தில் மொட்டை மாடியில் நடக்கலாமே?

கோமதி_கொளத்தூர்
ராத்திரி பத்தரைக்கா? புள்ளையைத் தனியா விட்டுட்டா? சார், நீங்க பார்க்குக்குப் போறப்ப வீட்டுல காபி போடறது யாரு?

அகிலா_டயட்
விஜி, இந்தத் தடவை மாமாவை வெளியே பெஞ்சுல உக்கார வைங்க. தமிழ்ல பேசற ஆளைத்தான் வேணும்னு கேளுங்க, கேட்டா கிடைப்பாங்க. அதுக்குள்ள அக்காவை ஒரு வாரம் நோட்டு எழுதச் சொல்லுங்க. என்ன சாப்பிட்டாங்கறது வேண்டாம். எத்தனை மணிக்கு, அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு, அது போதும். டப்பாவை நிறுத்தச் சொல்லாதீங்க இப்போதைக்கு. அந்த அரை மணி நேரத்தையும் பிடுங்காதீங்க.

விஜி_வில்லிவாக்கம்
சரிங்க மேடம். ஸ்லீவ் ஸ்கேன் முதல்லயா, சைக்காலஜிஸ்ட் முதல்லயா?

ராஜ்_தரமணி
ஸ்கேன்.

அகிலா_டயட்
எந்த அப்பாயின்ட்மென்ட் முதல்ல கிடைக்குதோ அது.

ராஜ்_தரமணி
ஸ்கேன்தான் முதல்ல.