மூன்றாம் குரோமோசோமை வகுப்பில் எப்படி விளக்குவது?

வணக்கம். பிளஸ் டூவுக்கு உயிரியல் எடுக்கிறேன், ஒரு உதவி வேண்டும்.

கொரோனா கடுமையாகும் ஆபத்தைக் கூட்டும் மரபணுத் துண்டு ஒன்று மூன்றாம் குரோமோசோமில் இருக்கிறது. அது அழிந்துபோன பழைய மனித இனமான நியாண்டர்தால்களிடமிருந்து வந்தது என்று 2020இல் மரபியல் ஆய்வாளர்கள் ஸீபெர்கும் பேபோவும் காட்டினார்கள். தெற்காசியரில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் உண்டு. ஐரோப்பியரில் சுமார் 16 சதவீதம்தான். சரி, இதுவரை சொல்லிவிடுவேன். ஆனால் அதே துண்டு எச்ஐவி தொற்றும் வாய்ப்பைச் சுமார் 27 சதவீதம் குறைக்கிறது என்று 2022இல் ஸீபெர்க் எழுதினார். பக்கத்தில் சிசிஆர்5 மரபணு இருக்கிறதே, எச்ஐவி செல்லுக்குள் நுழையும் வாசல், அதன் செயல்பாடு குறைவதுதான் காரணமாம்.

இதைக் கேட்டால் பிள்ளைகள் "அப்போ எனக்கு இருக்குமா சார்?" என்று பயப்படுவார்கள். வயது, சர்க்கரை நோய் எல்லாம் சேர்ந்துதான் ஆபத்து என்று புரியவைக்க நல்ல உவமையோ படமோ யாரிடமாவது உண்டா? திங்கட்கிழமை வகுப்பு.